புகை போடாத வீடு

செட்டிபாளையத்தில் வாவிக் கரையோர வீடு. விடுமுறைக்கு வந்தேனாம்! இராணுவம் பாதையை மூடிவிட்டது, நண்பனின் அக்கா வீட்டிலேயே அகப்பட்டுக் கிடக்கிறேன். பொழுது சாய்ந்ததும் வாவிப் பக்கமிருந்து நுளம்பு திரண்டு வருகிறது. காது, கணுக்கால், சட்டைக்குள் முதுகு, ஓரிடமும் மிச்சமில்லாமல் கடிக்கிறது. புகை போடுவதற்காக எப்போதோ ஒடித்த வேப்பங்குழை மூலையில் சருகாகிக் கிடக்கிறது. விளக்கும் ஏற்றவில்லை.

கழுத்தில் கடித்ததைப் பட்டென்று அடிக்கிறேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

“அடிக்காதீங்க தம்பி. தடவி விடுங்க.”

“ஏன் அக்கா?”

“சத்தம் கேட்டா வீட்டுல ஆள் இருக்கெண்டு தெரிஞ்சிரும். போன கிழமை அடுத்த வீட்டுல புகையைக் கண்டுதான் உள்ளுக்குப் போனவனுகள். அந்தப் பொடியனை இன்னும் காணல்ல.”

அவர் மடியில் சின்ன மகள் உட்கார்ந்திருக்கிறாள். நுளம்பை அடிக்கலாம் என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. காலில் கடிப்பதைப் பெருவிரலால் அழுத்தி, சத்தமில்லாமல் தேய்க்கிறாள். அவளைப் பார்த்து நானும் தேய்க்கிறேன். எரிச்சலில் கண் கலங்குகிறது.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம், மிக அருகில், யாரோ பட்டென்று ஒரு நுளம்பை அடிக்கிறார்கள்.