ஒரு வண்டி மட்டும் போகும் ரோடு

ஓட்டல் வைத்திருப்பவருக்கு அடுப்புக் கவலை, லாட்ஜ் வைத்திருப்பவருக்குத் தண்ணீர்க் கவலை. கேரவன் நிறுத்த இடம் கொடுக்கும் எங்களுக்கோ கவலை முழுவதும் கேட்டுக்கு வெளியேதான். கேரவன் என்றால் கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே வைத்த பெரிய வண்டி. பெங்களூரில் வாரம் முழுவதும் ஹார்ன் கேட்டு நொந்தவர்கள் சனிக்கிழமையானால் அதில் ஏறி எங்கள் சைட்டுக்கு வருவார்கள். சந்தாபுராவைத் தாண்டி ஆனேக்கல் பக்கம் உள்ளே தள்ளி இருக்கிறது. நாங்கள் கொடுப்பது நிழல், தண்ணீர், கரண்ட், சத்தம் இல்லாத ஒரு ராத்திரி. என் கணவர் சேவியர் பொம்மசந்திராவில் ஃபாக்டரி வேலைக்குப் போகிறார். சைட் என் பொறுப்பு.

மெயின் ரோட்டிலிருந்து சைட்டுக்கு வர இருப்பது ஒரே வழி. ஒரு பக்கம் கால்வாய், இன்னொரு பக்கம் வெங்கடம்மாவின் ரோஜாத் தோட்டம். நடுவில் ஒரு வண்டி போகலாம், மூச்சைப் பிடித்துக்கொண்டு. அதிலும் பாதி ரோடு வெங்கடம்மாவின் நிலத்தில் ஓடுகிறது. நாங்கள் இடம் வாங்கியபோது, "போயிட்டு வந்துட்டு இருங்க" என்று அவர் வாயால் சொன்னதுதான் எங்களுக்குப் பட்டா, பத்திரம் எல்லாம். நான் விவேக் நகரில் பிறந்து வளர்ந்தவள். எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் கண்ணாடியை மடக்கும் தெரு எங்களுடையது. அதனால் இந்த ரோட்டைப் பார்த்ததும் 'பரவாயில்லையே, தாராளமாக இருக்கிறதே' என்று நினைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரே வழியைப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்கிறவர்களே, மேலே நான் சொல்லாமலே உங்களுக்குப் புரியும்.

வந்து சேர்ந்துவிட்டோம்

முதல் வருஷம் பங்குனி மாதம். ரோட்டோரத்துப் புங்க மரங்கள் பூத்துக் கொட்டி, தார் தெரியாமல் தரை வெளுத்திருந்தது. ஒரு குடும்பம் போன் செய்து வந்து சேர்ந்துவிட்டோம், இடம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் சைட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு வண்டியும் இல்லை. மறுபடி போன் செய்தால், டீ போட்டுக்கொண்டிருக்கிறோம், நீங்களும் வாங்க என்றார்கள்.

வெளியே நடந்து போய்ப் பார்த்தால், நடு ரோட்டில் கேரவன் நிற்கிறது. பக்கத்தில் துணிப் பந்தலை இழுத்துவிட்டு, நாற்காலி போட்டு, உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் ஒரு டிராக்டர், அதன் பின்னால் பால்காரரின் பைக். யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. டிராக்டர்காரர் கையிலும் ஒரு கப் டீ இருந்தது. எல்லார் தலையிலும் பூ விழுந்துகொண்டே இருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் எதற்கு வந்தேன் என்று மறந்துவிட்டது. சைட் இன்னும் உள்ளே இருக்கிறது, இது ரோடு என்று மெதுவாக எடுத்துச் சொன்னேன். அந்தக் குடும்பத் தலைவர் மேலே மரத்தையும் கீழே தரையையும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"உள்ளே இதைவிட நல்லா இருக்குமா மேடம்?"

லோடு

எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிட்டால் ஒன்று பின்னால் போயாக வேண்டும். எது போவது என்பதற்கு நாங்கள் வருவதற்கு முன்பே அந்த ரோட்டில் சட்டம் உண்டு: லோடு வண்டி நிற்கும், காலி வண்டி ரிவர்ஸ் போகும். வெங்கடம்மாவின் ரோஜாவை மார்க்கெட்டுக்கு எடுத்துப்போகும் குட்டியானை மினி லாரியின் டிரைவர் சலீம்தான் இந்தச் சட்டத்துக்கு வக்கீல், ஜட்ஜ் எல்லாம்.

ஒரு நாள் பாங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆன ஒருவர் தன் கேரவனோடு சலீமுக்கு எதிரே வந்து நின்றார். ரிவர்ஸ் எடுக்க மாட்டேன் என்றார். தன் வண்டியும் லோடு வண்டிதான் என்று வாதம். கட்டில், ஃபிரிட்ஜ், தண்ணீர் டேங்க், மனைவி போட்ட ஊறுகாய் பாட்டில் வரை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு வீட்டையே ஏற்றிக்கொண்டு வருகிறேன், இதைவிடப் பெரிய லோடு உண்டா என்று கேட்டார். சலீம் ஸ்டியரிங்கில் தாடையை வைத்துக்கொண்டு, கதை கேட்பதுபோல் எல்லாவற்றையும் கேட்டார். வெயில் ஏறியது. கடைசியில் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"சாமான் மட்டும் இருந்தா லோடு சார். நீங்களும் உள்ள இருக்கீங்களே, அது பாசஞ்சர்."

மொட்டு

அந்த வழக்கு முடிந்து பாங்க் சார் ரிவர்ஸ் போனபோது வேறொரு காரியம் நடந்து முடிந்திருந்தது. ரோஜாவை மொட்டாக இருக்கும்போதே வெட்டி, பேப்பர் சுற்றி, பெட்டியில் அடுக்கி அனுப்புவார்கள். அது வாங்கினவர் வீட்டில்தான் விரிய வேண்டும். வழியிலேயே விரிந்தால் மார்க்கெட்டில் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். சலீம் என்னைக் கூப்பிட்டு மேல் பெட்டியைத் திறந்து காட்டினார். அத்தனையும் விரிந்து, பெட்டி நிறைய சிவப்பு. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, என்ன செய்ய? வாயைத் திறந்து அதைச் சொல்லப் போனேன். நல்ல வேளை, சொல்லவில்லை. எனக்குப் பின்னால் வெங்கடம்மா நின்றுகொண்டிருந்தார்.

அவர் கத்துகிறவர் இல்லை. விடிவதற்கு முன்னே எழுந்து பூ வெட்டி, அப்புறம் தண்ணீர், மருந்து, களை என்று பொழுது சாய்கிறவரை நிற்கிறவருக்குக் கத்தத் தெம்பு ஏது? அமைதியாகத்தான் சொன்னார். ஸ்கூல் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்தவள் நான். ரோடு போனால் சைட்டும் போச்சு. சேவியரிடம் சொன்னபோது அவரும் தட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்துவிட்டார். வெங்கடம்மா தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னது இதுதான்:

"நோடும்மா ஸ்டெல்லா, என் பூ மார்க்கெட்டுக்கு அப்புறம் விரியணும், உன் ரோட்டுல இல்ல. இன்னொரு தடவை இப்படி ஆச்சு, நடுவுல கல்லு நட்டுடுவேன்."

சிவப்புக் குடை

அதன் பிறகு நானே மெயின் ரோட்டுக்குப் போய் ஒவ்வொரு கேரவனையும் அழைத்து வர ஆரம்பித்தேன். சலீம் கிளம்பும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அதற்கு முன்போ பின்போ வண்டியை உள்ளே விடுவேன். டிரைவருக்குத் தெரிய வேண்டும் என்று கையில் சிவப்புக் குடை. நான் முன்னால் நடக்க, கேரவன் பின்னால் என் நடைக்கு உருண்டு வரும். எங்கள் சர்ச்சில் திருவிழாத் தேர் வருகிற வேகம்தான். நானும் அந்த வேகத்துக்குப் பழகிவிட்டேன். வேகமாக நடந்தால் என்னவோ தப்பு செய்வதுபோல் இருக்கும்.

மார்கழி மாதக் காலை ஒன்று நினைவில் நிற்கிறது. பனி இறங்கி வேலிக் கல்லும் தெரியவில்லை, கால்வாயும் தெரியவில்லை. குடையின் நுனியே மங்கலாகத்தான் தெரிந்தது. பின்னால் இன்ஜின் முனகல், எங்கேயோ ஒரு மாட்டு மணி. நடந்தேன், நடந்தேன், ரோடு முடியவே இல்லை. இது நம் ரோடுதானா என்றுகூடத் தோன்றியது. பயமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. சைட் வந்ததும் குடையை மடக்கினேன். கேரவனிலிருந்து ஒரு வயதான அம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். பாதித் தூக்கத்தில் இருந்தார்.

"ஏன்மா நின்னுட்டே? இன்னும் கொஞ்ச தூரம் நடயேன்."

கடப்பாரை

குடை வைத்தும் நடக்க வேண்டியது நடந்தது. கோரமங்களாவிலிருந்து அக்கா, தங்கை இரண்டு பேர் வந்தார்கள். சலீம் கிளம்ப நிறைய நேரம் இருந்ததால் தைரியமாகத்தான் உள்ளே விட்டேன். முந்தின நாள் மழையில் கால்வாய் ஓரம் ஊறிப்போயிருந்தது. பாதி வழியில் பின் சக்கரம் மெதுவாக, சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கியது. ஜே.சி.பி.க்கு போன் செய்தேன். சந்தாபுராவில் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றார் டிரைவர். அதற்குள் சலீமின் நேரம் வந்து, வண்டி நிறைய மொட்டோடு எதிரே வந்து நின்றுவிட்டார். அவர் பெட்டிகள்மேல் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டே இருந்தார். வெயில் அதை உலர்த்திக்கொண்டே இருந்தது.

வெங்கடம்மா வந்தார். கையில் கடப்பாரை. பூப்பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார். கல் நடுவதற்கு இடம் பார்ப்பதுபோல் ரோட்டைப் பார்த்தார். அந்த அக்கா மட்டும் வெயில்ல நிற்காதீங்க, உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடிங்க என்று கன்னடத்தில் கூப்பிட்டார். வெங்கடம்மா கடப்பாரையைக் கேரவன்மேல் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தோம். கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்து தூங்கிப்போயிருந்தார். கால் மட்டும் வெளியே தொங்கியது. தங்கை அதைத் தூக்கி மேலே வைத்தாள். அதற்கும் எழவில்லை.

ஜே.சி.பி. வந்தது. உள்ளே இருப்பவர்கள் இறங்க வேண்டும் என்றார் டிரைவர். எழுப்புவது யார்? நான் சலீமைப் பார்த்தேன். சலீம் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். பகலில் வெங்கடம்மா கண்ணை மூடி அவர் பார்த்ததே கிடையாதாம். கடைசியில் ஜே.சி.பி. டிரைவர், தூளியோடு குழந்தையைத் தூக்குகிற மாதிரி வண்டியைத் தூக்கி ரோட்டில் வைத்தார். அப்புறம் சலீம், லோடு வண்டியின் வக்கீல், யாரும் கேட்காமலே தன் லோடோடு தோட்டத்து கேட்வரை ரிவர்ஸ் போனார். முதலாளியம்மா உள்ளே இருக்க, கேரவன் சலீமைத் தாண்டி ஊர்ந்து சைட்டுக்கு வந்தது. பூ அதற்குள் விரிந்துவிட்டது.

பொழுது சாய்கிறவரை வெங்கடம்மா தூங்கினார். அக்காவும் தங்கையும் மரத்தடியில் பாய் போட்டுக் கிசுகிசுவென்று பேசினார்கள். சைட்டில் மற்றவர்களும் ரேடியோவை அணைத்துவிட்டார்கள். நான் கேரவன் படிக்கு எதிரே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தேன், மடியில் கடப்பாரை. ஒளித்து வைக்கலாமா என்று தோன்றியது. கை வரவில்லை. அவர் எழும்போது என் தொழில் முடிந்துவிடும் என்று தெரிந்தும், அவர் எழாமலிருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நன்றாகத் தூங்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

இறங்கி வந்தவர் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். ஒரே வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தும் சைட்டுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. பூ என்ன ஆச்சு என்று கேட்டார். விரிந்துவிட்டது என்றேன். காபி கொடுத்தேன், முழுவதும் குடித்தார். கலைந்த தலையை முடிந்துகொண்டு, கடப்பாரைக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன். அதைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்வரை நடந்தவர், நின்று திரும்பிப் பார்த்தார்.

"இனிமேல் வண்டி மாட்டறதா இருந்தா முந்தின நாளே சொல்லிடும்மா. நான் அன்னிக்குப் பூ வெட்ட மாட்டேன்."

ரோடு இன்றுவரை ஒரு விரற்கடை கூட அகலமாகவில்லை, ஆனால் ஸ்டெல்லா, ரொம்ப நாளாச்சே, ஒண்ணும் மாட்டலையா என்று வெங்கடம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கும்போதெல்லாம், என் தொழிலில் எனக்கு ஏதோ குறை வந்துவிட்டதுபோல் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.