மூன்று பேர் போக வேண்டிய மலை

சித்திரை வெயிலில் எண்ணெய் வழியும் முடி கழுத்தோடு ஒட்டிக்கொண்டு, நனைந்த சாக்கைப் போலப் புழுங்கி நாறும். பெண்பிள்ளைக்கல்ல, எனக்கு. எட்டு வயது வரை என் தலையில் கத்தி படவில்லை. இடுப்பைத் தொடும் முடியை அம்மா தினமும் காலையில் இழுத்துப் பின்னி, சிவப்பு நாடா கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புவாள்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் இன்று சித்தூர் மாங்காய் மண்டியில் போய் நின்றால் எனக்கு நாற்காலி போடுகிறார்கள். எட்டு லாரி ஓடுகிறது, திருப்பதியில் மூன்று மாடி வீடு நிற்கிறது, யார் காலிலும் விழாமல் சம்பாதித்தது. அதனால்தான் 'வாழ்க்கையில் நம்பிக்கை, விடாமுயற்சி பற்றிப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்' என்று விழாக்களுக்குக் கூப்பிடுகிறார்கள். நம்பிக்கை என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு கார்வேட்டிநகரத்தில். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, கட்டட வேலைக்கென்று பெங்களூர் போன என் 'நைனா', அதாவது என்னைப் பெற்றவர், திரும்பவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளையின் முதல் முடி திருப்பதி மலைக்கு. அம்மா அந்த வேண்டுதலோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள்: அவர் வந்த பிறகுதான், மூன்று பேரும் சேர்ந்து போய்த்தான் மொட்டை. குழாயடிப் பெண்கள் "வருவாருக்கா, சாமி கைவிடாது" என்று சொல்லிவிட்டு, அவரவர் புருஷனுக்குச் சோறு போடப் போய்விடுவார்கள். வாயால் கொடுப்பதுதானே, என்ன குறைந்துவிடும் அவர்களுக்கு!

பள்ளிக்கூடத்தில் என் பின்னலைப் பிடித்து இழுக்காத கை இல்லை. "இன்னாம்மா, பூ வெச்சிக்கினு வரலியா?" என்பான் ஒருவன். "மாப்ள பாத்துட்டாங்களா உனுக்கு?" என்பான் இன்னொருவன். வாத்தியாரும் என்னைப் பெண்கள் வரிசையில் உட்கார வைத்துச் சிரித்தார். ஒருநாள், முடியை எடுக்காமல் உள்ளே வராதே என்று வெளியே தள்ளினார். வீட்டுக்கு வந்து அழுதேன்.

"அது சாமி சொத்துடா," என்றாள் அம்மா. "உங்க நைனா வந்துக்கினே கீறாரு. கொஞ்ச நாளு பொறுத்துக்கோ."

எட்டு வருஷமாக வந்துகொண்டே இருந்த மனிதர்!

மறுநாள் அம்மா தண்ணீருக்குப் போன நேரத்தில் புத்தூர் பஸ் ஏறினேன். யாரோ ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு திருப்பதி சேர்ந்து, அவர்கள் பின்னாலேயே மலைப்படியும் ஏறினேன். மொட்டை போடும் கூடத்தில் நாவிதர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒக்கடிவே வச்சாவா? மீ நாயன ஏடிரா?" என்று தெலுங்கில் கேட்டார். தனியாகவா வந்தாய், உன் அப்பா எங்கே? வெளியே நிற்கிறார் என்று பொய் சொன்னேன். அவரும் தலையை நனைத்தார்.

அடுத்த நாள் மத்தியானம் வீடு வந்தேன். ஊரெல்லாம் தேடி ஓய்ந்து வாசலில் நின்ற அம்மா என் மொட்டையைப் பார்த்ததும் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. அவசரமாக முந்தானையைச் சரிசெய்துகொண்டு, என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள்.

"என்ன உட்டுட்டு ரெண்டு பேரும் போய்ட்டு வந்துட்டீங்களா? எங்கடா அவுரு? கடையாண்ட நிக்கிறாரா?"

"நான் மட்டுந்தாம்மா போனேன்."

அவள் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். அங்கேயே உட்கார்ந்தவள், நாலைந்து நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. மொட்டைத் தலையை வாத்தியார் உள்ளே விட்டிருப்பார். ஆனால் வீட்டில் சோறில்லை, நான் மாங்காய்க் கூடை தூக்கப் போனேன். 'வருவாரு' என்ற சொல் அதன்பிறகு அவள் வாயில் வரவே இல்லை. வராத ஆள் மீதும், காத்திருக்கச் சொன்னவர்கள் மீதும், ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் உடைத்த என் மீதும் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அவளைக் கடைசி வரை இந்த மூன்று மாடியில்தான் வைத்திருந்தேன். ஜன்னலைத் திறந்தால் மலை. கார் வாங்கிய அன்று, "மலைக்குப் போலாமாம்மா?" என்று கேட்டேன்.

"நீதான் போய்ட்டு வந்துட்டியே," என்றாள்.

காரைத் திருப்பி ஷெட்டில் விட்டேன். இப்போது அவளும் இல்லை. விழா மேடைகளில் நான் லாரிகளைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்குகிறேன். கை தட்டுகிறார்கள்.