மூன்று ஓட்டை, ஒரு புகைக்குழாய்

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பதினோரு வயதில் வெல்டிங் பட்டறையில் தரை கூட்டினேன். முப்பதில் அதே தெருவில் சொந்தப் பட்டறை போட்டேன். இந்த ஊரில் பாதி வீட்டு கேட் என் கை பட்டதுதான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கூச்சப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது. அது என் மனைவியின் தம்பி சம்பந்தப்பட்டது.

அவன் ஒரு சலவைக் கூடத்தில் பாய்லருக்கு விறகு போடுகிறவன். பத்தொன்பது வருடம் அதே அடுப்பு வாய், அதே அனல். நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்லுவான், அதுவும் நெருப்பைப் பற்றியதாக இருந்தால்தான். கண் மங்க ஆரம்பித்திருந்தது. இனி அனலைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையல் எண்ணெய் வந்த பெரிய இரும்பு டிரம் ஒன்றை உருட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தான்.

"மச்சான், இதுல கறியப் புகையிலயே வேக வெக்கலாம். கொஞ்சம் வெட்டி ஒட்டித் தாங்க."

"ஏன்டா மாப்ள, இத்தன வருஷம் துணிய அவிச்சது போதாதா? இப்ப கறியா?"

அவன் சிரிக்கவில்லை. சாக்பீஸை எடுத்து டிரம்மின் அடியில் மூன்று வட்டம் போட்டான். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிக் குழாய், அதற்குத் திருகு மூடி. மேலே மூடியில் ஒரு புகைக்குழாய், அதன் வாயில் மழைக்கு மூட ஒரு தகடு. உள்ளே கரிக்கும் புகைக்குப் போடும் விறகுத் துண்டுக்கும் ஒரு கூடை, அதற்கு மேலே கறி வைக்கக் கம்பி வலை.

"ஒரே ஓட்டையா பெருசாப் போட்டா என்ன?"

"காத்த அளந்து குடுக்கணும் மச்சான். வாரிக் குடுத்தா நெருப்பு நம்ம தலைமேல ஏறி உக்காந்துக்கும்."

செய்து கொடுத்தேன். சும்மா சொல்லவில்லை, அந்த ஒட்டில் ஊசி நுழையாது. இரண்டு மாதம் ஞாயிறு தவறாமல் பட்டறையின் பின்பக்கம் அதோடு உட்கார்ந்திருந்தான். முதலில் எழும் வெள்ளைப் புகை போய்த் தீரும்வரை கறியை உள்ளே வைக்கமாட்டான். பிறகு இரண்டு ஓட்டையை மூடி, மூன்றாவதை அரைவாசி திறந்துவைப்பான். "புகை கண்ணுக்குத் தெரியக் கூடாது மச்சான், வாசம் மட்டும் வரணும்" என்பான். கறி வாயில் வைத்தால் கரைந்தது. நான் "பரவால்ல" என்று மட்டும் சொன்னேன்.

பக்கத்து மரச்சாமான் தொழிற்சாலை மேனேஜருக்கு விஷயம் எட்டியது. நாற்பது பேருக்கு ஒரு நாள் மதியச் சாப்பாடு கொடு, பிடித்துவிட்டால் தினமும் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். பாய்லரை விட்டு வெளியே வர அவனுக்கு இருந்த ஒரே வழி அது.

அன்று விடியும்போதே நெருப்பு மூட்டினான். கறியை உள்ளே வைத்து மூடிவிட்டு, பத்து மணிக்கு ரொட்டி வாங்கக் கிளம்பினான்.

"ஒரு மணி நேரத்துல வந்துடுவேன். எதையும் தொடாதீங்க மச்சான். மூடியத் தொறக்கவே தொறக்காதீங்க."

"போடா. நாப்பது வருஷமா நெருப்போட குடும்பம் நடத்துறவன் நான். எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

கால் மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். குழாயில் புகையே இல்லை. என் தொழிலில் கண்ணுக்குத் தெரியாத நெருப்பு அணைந்த நெருப்பு. பாவம், பையன் கோட்டை விடப் போகிறான் என்று நினைத்து மூன்று திருகையும் கழற்றினேன். மூடியையும் தூக்கினேன். கொழுப்பு சொட்டிய கரி குப்பென்று பிடித்து, தீ கம்பி வலைவரை எழும்பியது. மூடியை அறைந்து சாத்தினேன். கீழே குட்டிக் குழாய்கள் கை வைக்க முடியாமல் கொதித்தன. அதனால் மேலே புகைக்குழாயின் தகட்டை இழுத்து மூடினேன். காற்றை அடைத்தால் தீ அடங்கும் என்பது என் கணக்கு. தீ அடங்கியது. புகை போக வழியில்லாமல் அரை மணி நேரம் கறிமேலேயே உட்கார்ந்துவிட்டது.

மூடி விளிம்பில் புகை மஞ்சளாகக் கசிவதைப் பார்த்த பிறகுதான் செய்த தப்பு புரிந்தது. இடுக்கியால் பிடித்து இரண்டு திருகை மூடினேன், ஒன்றை அரைவாசி விட்டேன், தகட்டைத் திறந்தேன். எல்லாம் அவன் வைத்துவிட்டுப் போனபடியே இருந்தது.

வந்தவன் நின்று மோந்து பார்த்தான். மூடியைத் தூக்கினான். கறிமேல் தார் பூசினது மாதிரி கறுப்பு மினுமினுப்பு. ஓரத்தைக் கிள்ளி வாயில் வைத்துத் துப்பினான்.

"கசக்குது."

அதற்குள் முன்பக்கத்திலிருந்து வந்து பட்டறை ஆட்கள் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விறகு ஈரமா இருந்திருக்குமோ மச்சான்?"

"ஈரமாத்தான் இருக்கும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பாத்து வாங்க வேணாமா?" என்றும் கேட்டேன்.

நாற்பது பேரும் அன்று வெறும் ரொட்டி தின்றார்கள். மேனேஜர் இன்னொரு வாய்ப்புத் தரவில்லை. அவன் பாய்லருக்கே திரும்பிப் போய் இன்னும் ஒன்பது வருடம் அந்த அடுப்பு வாயில் நின்றான். கடைசியில் ஒரு கண் முழுதாகப் போய்விட்டது.

டிரம்மைப் பழைய இரும்புக்கு வெட்டிப் போடச் சொன்னவனும் அவன்தான். மனசு கேட்காமல், "இதவிட நல்லதா இன்னொண்ணு செஞ்சு தர்றேன் மாப்ள" என்றேன்.

"டிரம்மு நல்லாத்தான் இருந்துச்சு மச்சான். எனக்குத்தான் விறகு பாக்கத் தெரியல."

விறகிலேயே பிழைத்த மனுஷன் சொன்ன வார்த்தை அது. அதற்கப்புறம் பாய்லருக்கு வரும் ஒவ்வொரு கட்டையையும் இரண்டு தடவை தட்டிப் பார்த்துத்தான் போடுவானாம்.

போன வருடம் அவன் போய்ச் சேர்ந்தான். "ஈர விறகை நம்பிக் கெட்டானே என் தம்பி" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லி அழுகிறாள். நானும் தலையாட்டுகிறேன். இதை எழுதி முடித்ததும் முதலில் அவள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றிருந்தேன். எழுதி நாலு நாள் ஆகிறது. இன்னும் கொடுக்கவில்லை.