அவருடைய இடது பக்கம்

எங்கள் வீட்டுக்காரருக்குக் கோபம் வரவைக்கப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். வேனின் முன்கண்ணாடியில் எதையாவது ஒட்டினால் போதும். வேன் வாங்கிய புதிதில் தீப்பெட்டி அளவு முருகன் படம் ஒன்றை ஓரமாக ஒட்டி வைத்தேன். மனுஷன் அதை நகத்தால் பதமாகக் கிழித்தெடுத்து, கண்ணில் ஒற்றி, என் கையில் கொடுத்தார்.

"சாமி வீட்டுல இருக்கட்டும். ரோட்ட நான் பாத்துக்கிறேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! சாமியை இறக்கிவிட்ட வண்டி உருப்படுமா என்று கத்தினேன். என் வாய் அப்படி. லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அவர் பதில் பேசாமல் கண்ணாடியைப் பழைய பேப்பரால் துடைத்துக்கொண்டிருந்தார். பதில் பேசாத ஆளோடு சண்டை போடுவதைப் போல எரிச்சலான வேலை உலகத்தில் இல்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் பலாங்கொடைக்கு மேலே. காலையில் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டவுன் பள்ளிக்கூடத்தில் விடுவதும், பிறகு கூட்டி வருவதும்தான் வேனுக்கு வேலை. நான் அதற்கு முன் பிள்ளைக்காம்பராவில் இருந்தவள். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போனால் கைக்குழந்தைகளை நான்தான் பார்த்துக்கொள்வேன். வேன் வந்த பிறகு அதை விட்டுவிட்டு இவரோடு போக ஆரம்பித்தேன். முன்சீட்டில், அவருக்கு இடது கைப்பக்கம் என் இடம். லயத்துக்கு லயம் இறங்கிப் பிள்ளைகளை ஏற்றுவேன், கதவைச் சாத்துவேன், பிறகு வேன் உடம்பில் படபடவென்று தட்டுவேன். அந்தச் சத்தம் கேட்காமல் அவர் வண்டியை நகர்த்த மாட்டார்.

மழைக்காலத்தில் பனி இறங்கிவிட்டால் அந்த ரோட்டில் போவதற்குத் தனியாக ஒரு மனசு வேண்டும். அவர் ஜன்னல் சட்டரை இறக்கிவிட்டு, ரேடியோவை நிறுத்திவிடுவார். எதிரில் ஏதாவது வந்தால் கண்ணுக்கு முன் காதுக்குத் தெரியும் என்பார். பெரிய லைட் போட்டால் பனி வெள்ளைச் சுவர் மாதிரி நிற்குமென்று சின்ன லைட்டில்தான் போவார். வளைவுக்கு வளைவு ஹோன். வைப்பர் வேலை செய்யாத நாட்களில் பீடியைப் பிரித்து, தூளை ஈரத்தோடு கண்ணாடியில் தேய்ப்பார். மழைத்தண்ணீர் ஒட்டாமல் வழிந்துவிடும். பின்னால் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வேன் மாமா, பீடி நாறுது!" என்று கூச்சல் போடும்.

சண்டை நிறுத்தம் என்று பேப்பரெல்லாம் எழுதிய காலம் அது. அந்த வருஷம்தான் வேனுக்கு அடி விழத் தொடங்கியது. முதலில் இடதுபக்கச் சைட் கண்ணாடி ஒரு பஸ்ஸில் பட்டு நொறுங்கியது. பிறகு பாலத்துக் கம்பியில் உரசி, கதவோரம் நீளமாகக் கோடு. தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்திலிருந்த மண்மேட்டில் ஒருநாள் இடித்தது. எல்லாம் என் பக்கம்தான்.

"கண்ணூறுதாங்க," என்றேன். "சொந்த வண்டி வச்சிருக்கோம்ல? பாக்குறவன் வயிறு சும்மா இருக்குமா?"

அவர் "ம்" என்றார். ஏசவில்லை. அது போதாதா எனக்கு? அடுத்த வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழமும் கொச்சிக்காயும் கோத்துக் கண்ணாடிக்கு உள்ளே இடது ஓரத்தில் தொங்கவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் முருகன் படத்தைத் திரும்ப ஒட்டினேன். அதற்கும் வாய் திறக்கவில்லை. பிறகு பிள்ளையார், மாரியம்மன் என்று ஒவ்வொருவராகக் குடியேற்றினேன். மனுஷனுக்கு வயசோடு பக்தியும் வந்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பக்கத்துக் காம்பராக்காரியிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். சரஸ்வதி பூசைக்கு அடுத்த நாள், கோயிலில் கொடுத்த பிளாஸ்டிக் மாலையைக் கொண்டுவந்து முன்கண்ணாடியில் என் பக்கத்து ஓரமாக மேலிருந்து கீழ்வரை வளைத்துக் கட்டினேன். கை அகலத்துக்குக் கண்ணாடி மறைந்துபோனது. அதையும் அவர் விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் லேசான பனி. பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். டவுனுக்கு இறங்குகிற இடத்தில் இடப்பக்கமாக ஒரு கிளை ரோடு வந்து சேரும். அதில் ஒரு த்ரீவீல் வருவதை நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். இவர் நிறுத்துவார் என்று இருந்தேன். இவரோ அப்படியே போகிறார்!

"அய்யோ, லெப்ட்டு! லெப்ட்டு!"

பிரேக் போட்ட வேகத்தில் பின்னால் பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தார்கள். த்ரீவீல்காரன் ஒரு சாண் இடைவெளியில் வெட்டித் திருப்பி, "எஸ் பேன்னே நெத்த?" என்று கத்திவிட்டுப் போனான். கண் தெரியலையா என்று சிங்களத்தில் கேட்கிறான்.

"எங்கருந்து வந்தான் இவன்?" என்றார் இவர். முகம் வெளுத்துவிட்டது.

எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. "ஒங்க மேல தப்பு இல்லீங்க. இந்த மாலதான் மறைச்சிருச்சு. இப்பவே கழட்டிடுறேன்."

அவர் தலையைத் திருப்பாமல் முன்கண்ணாடியைப் பார்த்தார்.

"எந்த மாலை?" என்றார்.

விளையாடுகிறாரோ என்று பார்த்தேன். அவருக்கு விளையாட்டு வராது. கையை எட்டி மாலையைப் பிய்த்தெடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பின்னால் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை ரோட்டின் இடப்பக்கத்தை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. "ஆள் போறாங்க, மாடு நிக்குது, பாலம் வருது" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனேன். இன்றைக்கு என்ன இவ்வளவு பேச்சு என்று அவர் சிரித்தார்.

திரும்பும்போது வேனில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மெதுவாக என் வலது கையைத் தூக்கி அவர் முகத்துக்குப் பக்கத்தில், காதோரமாகப் பிடித்தேன். அசைத்தேன். அவர் பாட்டுக்கு ரோட்டைப் பார்த்து, டயர் மாற்ற வேண்டியதைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார். கையை இன்னும் முன்னால் கொண்டுபோனேன். தெரியவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, முகமெல்லாம் கண்ணீராக, அவருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து அழுகிறேன். பக்கத்திலேயே இருக்கிற மனுஷனுக்கு அது தெரியவில்லை. டயரைப் பற்றிப் பேசுகிறார். என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

"என்னா புள்ள, வாயடிச்சுக்கிட்டு வந்த, திடீர்னு சத்தத்தக் காணோம்?" என்று தலையை முழுசாகத் திருப்பினார். பார்த்தார். உடனே வேனை ஓரங்கட்டினார்.

"வலது கண்ண மூடிப் பாருங்க," என்றேன்.

அவர் மூடவில்லை.

"பனின்னு நெனச்சேன்," என்றார். "இந்த வருஷம் அந்தப் பக்கம் பனி விலகவே மாட்டேங்குதேன்னு நெனச்சேன். எறங்கி எறங்கித் தொடச்சேன்."

எனக்கு ஞாபகம் வந்தது. வெயில் காய்கிற நாளிலும் மனுஷன் இறங்கி என் பக்கத்துக் கதவுக் கண்ணாடியை வெளியே நின்று துடைத்துக்கொண்டிருப்பார். உள்ளே இருந்து நான் சிரிப்பேன். எனக்காகத்தான் துடைக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

ஏசலாம் என்றுதான் வாயெடுத்தேன். அதற்குள் அவர், "புள்ளைங்கள ஏத்திக்கிட்டுல்ல போயிருக்கேன்," என்று சொல்லி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துவிட்டார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். கொழுந்து லொறி ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது.

அன்று மத்தியானம் பிள்ளைகளைக் கூட்டிவர அவர் போகவில்லை. டவுனில் வாடகைக்கு வேன் ஓட்டும் அவருடைய கூட்டாளி ஒருவரை அனுப்பினார். சாயந்தரம் லயம் லயமாகப் போய், "எனக்கு ஒரு கண்ணு தெரியல. இனி ஒங்க புள்ளைங்கள நான் ஏத்திப்போக மாட்டேன்," என்று தானே சொன்னார். நான் சொல்கிறேன் என்றாலும் விடவில்லை. சிலர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு தகப்பன் மட்டும் கதவை அறைந்து சாத்தினான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இரத்தினபுரி பெரியாஸ்பத்திரியில், கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துவிட்டது என்றார்கள். இடது கண் திரும்பாது. வலது கண்ணிலும் மூக்கோரப் பார்வை கொஞ்சம் போயிருக்கிறது, மிச்சத்தைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம். வீட்டுக்கு வந்ததும் படங்களையெல்லாம் எடுத்துச் சாமித்தட்டில் வைத்து, கண்ணாடியைக் கழுவித் துடைத்தேன். வேனை விற்றுவிடலாம் என்றார் அவர்.

"நான் ஓட்டுறேன்," என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

தோட்டமே சிரித்தது. பொம்பளை வேன் ஓட்டினால் பிள்ளைகளை எந்தப் பள்ளத்தில் போய்ப் பொறுக்குவது என்று, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் என் காதுபடவே கேட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. பந்து விளையாடுகிற மைதானத்தில் என்னை ஓட்டவைத்து, பின்னால் பார்க்காமல் எடுத்தால், "புள்ள நின்னா என்னா பண்ணுவ?" என்று அதட்டினார். நானும் பதிலுக்கு அதட்டினேன். முதல் தடவை லைசன்ஸ் கிடைக்கவில்லை. அடுத்த தடவை கிடைத்தது. அதற்குப் பிறகும் வெறும் வேனைத்தான் மாசக்கணக்கில் மேலும் கீழுமாக ஓட்டினேன். ரோடு பழகட்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அதுவரைக்கும் பிள்ளைகளைக் கூட்டாளிதான் கொண்டுபோனார்.

பிள்ளைகளோடு நான் முதலில் டவுனுக்கு ஓட்டி இறங்கிய காலையில் பனி கொட்டியது. என் பழைய இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். லயங்களில் இறங்கிப் பிள்ளைகளை ஏற்றியதும், கதவைச் சாத்தியதும் அவர்தான். கதவை அறைந்த அந்தத் தகப்பனே தன் மகளைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான். சட்டரை இறக்கி, சின்ன லைட்டைப் போட்டு, வாய்க்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு ஓட்டினேன். இடப்பக்கம் பார்த்துச் சொல்ல வேண்டியது அவர் வேலை. நாலைந்து வளைவு தாண்டியிருக்கும். சத்தத்தையே காணோம். ஓரக்கண்ணால் பார்த்தால், மனுஷன் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அந்தப் பக்கம் பாருங்கன்னா என் மூஞ்சியில என்னா இருக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

"பாக்குறேன் புள்ள, பாக்குறேன்," என்று அவசரமாகத் திரும்பினார். அப்புறம் ரோட்டோரத்தைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். "எத்தன காலமோ நீ எனக்குக் கண்ணு தெரியாத பக்கத்துல ஒக்காந்து வந்த. இப்பதான் தெரியிற பக்கத்துல இருக்க."

பின்னால் பிள்ளைகள், முன்னால் பனி. கண் கலங்கினால் ரோடு தெரியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.