உச்சந்தலைப் போட்டோக்காரி

எல்லோரும் மனிதர்களை முகத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். என் தொழிலில் உச்சந்தலையை வைத்துத்தான் ஞாபகம்.

குளித்து முடித்ததும் பாத்ரூம் ஜல்லடையில் சுருண்டு கிடக்கும் முடியை எடுத்து எண்ணிப் பார்க்கும் அன்பர்களே, இது உங்களுக்காகத்தான். அம்பத்தூரில் ஒரு தோல் மருத்துவமனையில் எனக்கு வேலை. அங்கே புழுவெட்டுக்கு ஒரு புது மாத்திரையை ஒரு வருடம் சோதித்துப் பார்த்தார்கள். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் டம்மி. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. மாதாமாதம் அவர்களை வரவழைத்து, தலையைச் சுற்றிலும் உச்சியிலும் போட்டோ எடுத்து, அடுத்த மாதத்து மாத்திரையைக் கொடுத்தனுப்புவேன். தலையில் எவ்வளவு இடத்தில் முடி திரும்பியிருக்கிறது என்று டாக்டரம்மா தலையையும் போட்டோவையும் பார்த்துக் கணக்கிடுவார். கல்யாண வீட்டுப் போட்டோகிராபர் "கொஞ்சம் சிரிங்க" என்பார். நான் "கொஞ்சம் குனிங்க" என்பேன். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

புழு எங்கே?

முதல் நாள் வந்தவர்களில் ஆரோக்கியமேரியும் ஒருவர். திருமுல்லைவாயில்காரர், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் துணி கம்பெனியில் தையல் வேலை. தலையில் ஒரு முடி இல்லை, புருவமும் போயிருந்தது. ஸ்கார்ஃபை அவிழ்க்கச் சொன்னதும் எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்துதான் அவிழ்த்தார். பெற்ற பிள்ளைகள்கூட அந்தத் தலையைப் பார்த்ததில்லையாம். பூசை நேரத்தில் எல்லாப் பெண்களும் முக்காடு போட்டிருப்பதால் மாதா கோயிலில் மட்டும்தான் நிம்மதியாக உட்கார முடிகிறது என்றார்.

கூட வந்திருந்த கணவர் லூர்துசாமிக்கு ஒரே சந்தேகம்தான். "அந்தப் புழு இன்னும் உள்ளதான் கீதா, இல்ல செத்துப்போச்சா டாக்டரம்மா?" புழுவே கிடையாது என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். உடம்பைக் காவல் காக்க வேண்டிய அணுக்களே முடியின் வேரை எதிரி என்று நினைத்துத் தாக்குகின்றன. போலீஸ் வந்து வீட்டுக்காரரையே பிடித்து அடிப்பது மாதிரி. மாத்திரை அந்தப் போலீஸைக் கொஞ்சம் அடக்கி வைக்கப் பார்க்கும் என்றார். லூர்துசாமி தலையாட்டினார். மேரிதான் கேட்டார்: "திருடன் அடிச்சா போலீஸாண்ட சொல்லலாம். போலீஸே அடிச்சா யாராண்ட போய்ச் சொல்றது டாக்டரம்மா?"

சாம்பார் வாசனை

பூந்தமல்லியில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் கமலக்கண்ணனுக்கும் அவர் தம்பி தயாளனுக்கும் தலையில் அங்கங்கே வட்டம் வட்டமாகப் புழுவெட்டு. அண்ணன் தம்பி இருவரும் ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள். வேறு எந்த வைத்தியமும் செய்யக் கூடாது என்பது விதி. நம் ஊரில் புழுவெட்டு என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சின்ன வெங்காயத்தோடு வந்து நிற்பார் என்பதால், அதைத் தனியாக ஒரு முறை அழுத்தியே சொல்லியிருந்தேன்.

இரண்டாம் மாதம் கமலக்கண்ணன் குனிந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, கேமரா மங்கலாகத் தெரிந்தது. வெங்காயம் தேய்த்தீர்களா என்று கேட்டேன். அம்மா மேல் சத்தியமாக இல்லை என்றார். அப்படியானால் இந்த வாசனை எங்கிருந்து வருகிறது? "ஊட்ல சாம்பாருக்கு வெங்காயம் உரிச்சிகினு இருந்தேன் மேடம், தலை அரிச்சிது, சொறிஞ்சிக்கினேன். சொறியக் கூடாதுனு நீங்க சொல்லவே இல்லியே!"

ஒரே டப்பா

டாக்டரம்மா அந்த முறை எச்சரித்து விட்டுவிட்டார். ஆனால் சகோதரர்களின் அசல் திறமை அதற்கப்புறம்தான் வெளியே வந்தது. மிச்ச மாத்திரையை அவரவர் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார்கள். இரண்டு பாட்டிலையும் அதில் கொட்டி, நன்றாகக் குலுக்கி, ஆளுக்குக் கைக்கு வந்ததை எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். இனி யாருக்கு எந்த மாத்திரை வேலை செய்தது என்று எந்த நிபுணராலும் பிரிக்க முடியாது. இருவரையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டு, வழக்கமாகப் போடும் ஊசி வைத்தியத்துக்கு மாற்றினார். எனக்குக் கோபம்தான். ஆனாலும் தயாளன் சொன்ன காரணத்தை ஒரு வார்த்தை விடாமல் ஆராய்ச்சிக் குறிப்பில் எழுதி வைத்தேன்: "எவனுக்கு நெசம், எவனுக்கு டம்மினு தெரியாது. ஒரே வயித்துல பொறந்துட்டு ஒருத்தனுக்கு முடி, ஒருத்தனுக்கு மொட்டைனு எப்டி மேடம் உடுறது?"

புருவம்

மேரிக்கு முதலில் வந்தது புருவம். பிறகு பிடரியில் மெல்லிய பூனைமுடி, அப்புறம் காதுக்கு மேலே கறுப்பு. ஒவ்வொரு மாதமும் போட்டோ எடுத்ததும் கேமராவின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லி, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். கம்பெனி கேட்டில் முகத்தைக் காட்டி வருகைப் பதிவு செய்யும் மெஷின் இருக்கிறது. புருவம் இல்லாத நாளில் பதிந்த முகம் அது. புருவம் வந்ததும் மேரியைத் தெரியாது என்று சொல்லிவிட்டது.

டாக்டரம்மா மகிழ்ச்சியோடு எச்சரிக்கையும் சேர்த்துச் சொன்னார். மாத்திரையை நிறுத்தினால் முடி மறுபடி கொட்டிப்போகலாம். வருடக் கடைசிப் போட்டோவில் முடி போதுமான அளவு இருந்தால் இன்னொரு வருடத்துக்கு நிஜ மாத்திரை இலவசம். இல்லையென்றால் வெளியில் வாங்க வேண்டும், அந்த விலை தையல் வேலைக்காரர் சம்பளத்துக்குக் கட்டாது. அதனால் அதுவரை தலையில் கத்திரிக்கோல் படக் கூடாது. மேரி எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். அவர் மனசு கம்பெனி கேட்டிலேயே நின்றது. "தெனமும் அந்த மிசினு என்னைய யாருனு கேக்குது சிஸ்டர். கேட்டுகினே இருக்கட்டும், நல்லாத்தான் கீது."

கடைசிப் போட்டோ

கடைசிப் போட்டோவுக்கு மேரி வந்தார். ஸ்கார்ஃப் இல்லை. தலை மழமழவென்று மொட்டை, அதன் மேல் சந்தனம். கொட்டிவிட்டதா என்று கேட்டேன்.

"வேளாங்கண்ணி போய்ட்டு வந்தோம் சிஸ்டர். முடி வந்தா மொத முடி உனக்குத்தான் தாயேனு நேர்ந்துக்கினேன்" என்றார். கத்திரிக்கோல் படக் கூடாது என்று சொன்னோமே என்றேன். "நீங்க சொல்றதுக்கு மிந்தியே மாதாவாண்ட சொல்லிட்டேனே" என்றார். டாக்டரம்மா அந்தத் தலையைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். வழித்த தலையில் எதைக் கணக்கிடுவது? ஆராய்ச்சி விதிகளைப் புரட்டிப் பார்த்ததில், போட்டோவை ஒரு வாரம் தள்ளிப்போடலாம் என்று இருந்தது. அந்த ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆராய்ச்சிக்காக அல்ல, மேரிக்காக.

அடுத்த வாரம் அதே மாதிரி வெறுந்தலையோடு ரயிலில் வந்தார். முன்பெல்லாம் புருவமில்லாத அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்ட ஜனங்கள், இப்போது "வேளாங்கண்ணியா?" என்று கேட்டுத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்களாம். டாக்டரம்மா லென்ஸை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். தலை முழுக்கக் கறுகறுவென்று முளை, நடுவில் எங்கும் வெள்ளையாகத் திட்டு இல்லை. முடி நீளமாக இருந்திருந்தால் வழுக்கையை மறைத்துச் சீவியிருக்கலாம், இதில் மறைக்க இடமே இல்லை என்று சொல்லிக்கொண்டே அடுத்த வருட மாத்திரைக்குக் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஆறவில்லை. வருடக்கணக்கில் மொட்டைத் தலையை மறைத்து அழுதவருக்கு, வந்த முடியை எடுக்க எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். மேரி சொன்னார்: "அது அடிச்சி எடுத்துகினு போனது. இது நானா குடுத்தது. ரெண்டும் ஒண்ணா சிஸ்டர்?"

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து எல்லோரையும் குனிய வைத்தே படம் எடுத்த நான், அன்று மேரி நிமிர்ந்தே நின்றதால், ஸ்டூல் மேல் ஏறி எடுத்தேன்.