ஆடிக்கு வந்த வருஷத்துக் காலண்டர்

என் கல்யாணப் புடவையைக் கள்ளக்குறிச்சியில் எடுத்தோம். தை மாசம் கொடுத்து மீந்துபோன காலண்டர் ஒன்றை வைகாசியில் எங்கள் தலையில் கட்டினான் கடைக்காரன். மாசத்துக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு வெள்ளைக்காரி. எந்தக் காலத்திலோ வாட்டர் கலரில் வரைந்த படங்களாம். எல்லாருக்கும் தரையைக் கூட்டும் கவுன், தொப்பி, ஒரு கைக்குள் அடங்கும் இடுப்பு. ஒருத்திக்கும் வேலை கிடையாது. மாசம் முழுக்க அழகாக நிற்பாள், அவ்வளவுதான்.

ஆடி பிறப்பதற்கு முன் அப்பா வந்து, மூங்கில்துறைப்பட்டு பக்கம் இருந்த என் புருஷன் வீட்டிலிருந்து என்னைக் கூட்டி வந்தார். எங்கள் ஊர் கச்சிராயபாளையம் பக்கம். புதுசாகக் கல்யாணமானவள் ஆடியில் புருஷனோடு படுத்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பெறுவாள், அது ஆகாது என்று பிரித்து வைப்பார்கள். அம்மா வீட்டில் டி.வி.க்கு மேலே அந்தக் காலண்டர் தொங்கியது. ஜூலைக்காரி குடை பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றாள்.

ஆகஸ்ட்காரியின் கையில் கோதுமைக் கதிர்க்கட்டு. பக்கத்து வீட்டுச் சித்தி அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இவ, அறுவா இல்லாமயே அறுத்துக்கினு வந்துட்டாளா? இந்த இடுப்ப வெச்சிக்கினு ஒரு கட்டு கரும்பு தூக்கச் சொல்லு பாப்போம்" என்றாள். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

ஆகஸ்ட்காரிக்குப் பாதி மாசம் போனதும் ஆடி முடிந்தது. என்னை அழைக்க யாரும் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஆடி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைத்துப் போக வேண்டும். அவர்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்தான் சீர்த்தட்டோடு கொண்டுபோய் விட வேண்டும். இத்தனைக்கும் ஒரே மாவட்டம். கல்யாணத்துக்கு முன்னால் பந்தி, பாத்திரம், பைக் எல்லாம் பேசினார்கள். இதை ஒருத்தனும் பேசவில்லை.

"அவங்க வந்து கூப்புடட்டும். நானா கொண்டும்போய் வுட்டா நாளைக்கி நம்மள மதிப்பாங்களா?" என்றார் அப்பா.

"கூட்டிக்கினு போனவருக்குக் கொண்டாந்து வுடத் தெரியாதா?" என்றாள் மாமியார், போனில்.

புருஷனைக் கேட்டேன். "எங்கம்மாவ மீறி நான் இன்னா செய்யறது? உங்கப்பாகிட்ட சொல்லு" என்றான்.

செப்டம்பர்காரி போனாள். அக்டோபர்காரியின் காலடியில் காய்ந்த இலைகள், முகத்தில் சோகம். அந்தச் சோகத்தையும் படம் போட்டவன் அழகாக வரைந்து வைத்திருந்தான். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. காத்திருக்கிறவள் அப்படி இருக்க மாட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், தலை சிக்குப் பிடித்து, எதிரில் வருகிறவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுவாள்.

ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். மாமியார் வாசலில் மல்லாட்டை காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யார் கூட வந்த?"

"தனியாத்தான் அத்தை."

"பெத்தவங்க இல்லாம, தட்டு இல்லாம, ஓடியாந்தவ மாதிரி வந்து நிக்கறியே. ஊரு இன்னா பேசும்?"

தண்ணி கொடுத்தாள். வெளியில் நின்றே குடித்தேன். புருஷன் வந்து பைக்கில் ஏற்றிக்கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் விட்டான். "கோவம் ஆறட்டும்" என்றான். யாருடைய கோபம் என்று சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பி வந்தால் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். "தானா போயி மானத்த வாங்கிட்டியேடி" என்று அம்மா அழுதாள்.

டிசம்பர்காரி பனியில் நின்ற மாசத்தில் ரெண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடினார்கள். காலையிலிருந்து மத்தியானம் வரை எந்த ஊர் வழக்கம் சரி என்றே பேசினார்கள். என் பேச்சு வந்தபோது எல்லாருக்கும் ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. "வேணாம்னா வுட்டுடு" என்றான் எவனோ. அதோடு உறவை முடித்துவிட்டார்கள். என் புருஷன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். நானும் எதிரில்தான் இருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவனுக்கு வேறு பெண் கட்டி வைத்தார்கள். அடுத்த ஆடி முடிந்ததும் அவளைப் பெற்றவர் தட்டோடு கொண்டுவந்து விட்டாராம்.

நான் இப்போது கரும்புக்குக் களை வெட்டப் போகிறேன். அப்பாவுக்கு நான்தான் சோறு போடுகிறேன். வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம வழக்கத்த நாம வுட்டுக் குடுக்கல" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவேன்.