பதினேழாவது கட்டம்

ஆர்டித் நைகார்டுக்கு அப்போது ஐம்பத்தோரு வயது. அமெரிக்காவின் அயோவாவில் ஹேவல் என்ற ஊரில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் பேஸ்பால் குழுவுக்கு ஸ்கோர் எழுதினாள். பீர் குடிக்காமல் ஒன்பது இன்னிங்ஸ் ஒரே இடத்தில் உட்கார ஆண்கள் யாராலும் முடியவில்லை என்பதால் அந்த வேலை அவளிடம் வந்தது. வந்ததைப் பத்தொன்பது வருஷமாக அவள் விடவில்லை.

அவளுக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது. இரண்டு பைத்தியத்தையும் அவள் ஒன்றாக்கிக்கொண்டாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சதுரக் கட்டம். ஜெயித்தால் சிவப்புத் துணி ஓரம், தோற்றால் சாம்பல் நிறம். நடுவில் தேதி, எதிர்க்குழுவின் பெயர், எத்தனை ஓட்டம், எத்தனை ஹிட், எத்தனை தப்பு என்று நீல நூலில் எண்கள். முப்பது ஆட்டம், முப்பது கட்டம். அக்டோபரில் சர்ச் விருந்தில் போர்வை ஏலத்துக்கு வரும். அந்தப் பணத்தில்தான் மைதானத்தின் வேலியும் விளக்கும் வந்தன. ஊரில் பதினெட்டு வீட்டுக் கட்டில்களில் பதினெட்டு வருஷத்து ஆட்டங்கள் விரித்துக் கிடந்தன. ஏதாவது பழைய ஆட்டத்தைப் பற்றிச் சண்டை வந்தால், "ஹோல்ம்பெர்க் வீட்டுக் கட்டிலைப் போய்ப் பாரு" என்பார்கள். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

1974 ஜூலையில் ஒரு ஞாயிறு. பிரென்னர் ஊர்க் குழுவுடன் ஆட்டம். ஹேவலுக்காகப் பந்து வீசியது கர்ட்டிஸ் தீலன். இருபத்து நாலு வயது, கல் குவாரியில் வேலை. அன்றைக்கு அவன் கையில் என்ன புகுந்ததோ, ஆறு இன்னிங்ஸ் வரை பிரென்னர்காரர்களில் ஒருவர்கூட பந்தை அடித்துவிட்டு முதல் பேஸ் மூலைக்குப் பத்திரமாக ஓடிச் சேரவில்லை; ஒரு ஹிட்கூட இல்லை. ஒன்பதும் அப்படியே முடிந்தால் அது ஹேவல் ஊர் பார்த்திராத ஆட்டம். கூட்டத்தில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் கெட்டுவிடும் என்று பயம். வேர்க்கடலை விற்பவன்கூட நின்றுவிட்டான்.

ஏழாவது இன்னிங்ஸில் மட்டை பிடிக்க வந்த பிரென்னரின் கேட்சர், நாற்பதைத் தாண்டிய ஒரு தீவனக்கடைக்காரர், முதல் பந்தையே ஓங்கி அடித்தார். பந்து தரையோடு தரையாக மூன்றாவது பேஸ் பக்கம் சீறியது. அங்கே காவல் நின்ற ஹேவல் பையன் ரோல்ட் ஐடி வலப்பக்கம் விழுந்து கையை நீட்டினான். பந்து அவன் மணிக்கட்டில் அடித்துத் தெறித்துப் புல்லில் உருண்டது. அவன் எழுந்து எடுப்பதற்குள் கேட்சர் முதல் பேஸில் நின்றார்.

கூட்டத்துக்கு மேலே, மரப்படி ஏறிப் போகும் ஸ்கோர் அறையில் ஆர்டித்தின் பென்சில் தாளுக்கு மேலே நின்றது. பிடித்திருக்க வேண்டிய பந்தை ரோல்ட் விட்டிருந்தால் அது அவன் தப்பு, ஹிட் ஆகாது. பிடிக்க முடியாத பந்து என்றால் ஹிட். அதைச் சொல்ல வேண்டியவள் அவள் ஒருத்திதான். ஸ்கோர் பலகையில் எண் மாட்டும் கிழவர் தலையைத் திருப்பி மேலே பார்த்தார்.

"ஆர்டித், என்ன போட?"

முன்னூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கர்ட்டிஸும் பார்த்தான். அவள் கண்ணை மூடி அந்தப் பந்தை இன்னொரு முறை ஓடவிட்டாள். எந்த ஊர் ஆளும் அதைப் பிடித்திருக்க முடியாது.

"ஹிட்டுல ஒண்ணு போடு," என்றாள்.

கர்ட்டிஸ் அதற்குப் பிறகு ஒருவரையும் அடிக்க விடவில்லை. ஹேவல் ஜெயித்தது. ஆனால் ஜெயித்த கூட்டம் போலவே இல்லை. கார்களை எடுத்துக்கொண்டு பேசாமல் கலைந்தது.

குழுவை நடத்தும் மெர்ல் ஸ்டாங்லண்ட் படியேறி வந்தான். "நாளைக்கு நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு ஆர்டித். இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள மாத்தலாம்னு ரூல்லயே இருக்கு. பெரிய குழுவுக்கு ஆள் பாக்கறவர் ஒருத்தர் கிட்ட பேசியிருக்கேன். ஹிட்டே இல்லாத ஆட்டம்னா அடுத்த வாரமே வந்து பையனைப் பாக்கறேங்கறார். ஒரு ஹிட்டுன்னா, அந்த மாதிரி ஆளுங்க நூறு பேர் இருக்காங்கன்னு ஃபோனை வெச்சுடுவார்."

"நான் பாத்ததைத்தான் எழுதினேன் மெர்ல்."

"இன்னொரு தடவை பாரேன். அவ்வளவுதான் கேக்கறேன்."

அன்றிரவுச் சாப்பாட்டில் அவள் கணவன் ஆர்வல் உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே, "ஒரு கோடுதானே," என்றான்.  

திங்கட்கிழமை காலையில் லியோட்டா தீலன் வந்தாள், கர்ட்டிஸின் அம்மா. சர்ச் அடித்தளத்தில் செவ்வாய்தோறும் ஏழு பெண்கள் போர்வைச் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து தைப்பார்கள். அதில் ஆர்டித்தும் லியோட்டாவும் எப்போதும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. லியோட்டா இடக்கைக்காரி. அவள் இடப்பக்கமும் ஆர்டித் வலப்பக்கமும் உட்கார்ந்தால் முழங்கை இடிக்காது. அப்படி இருபத்தைந்து வருஷம்.

லியோட்டா உள்ளே வரவில்லை. வலைக்கதவுக்கு வெளியிலேயே நின்றாள்.

"அவனுக்கு அப்பா இல்லைன்னு உனக்குத் தெரியும். குவாரியில அவன் என்ன ஆகப் போறான்னும் தெரியும். நான் உன்கிட்ட இதுவரைக்கும் ஏதாவது கேட்டிருக்கேனா?"

"இல்ல."

"இப்பக் கேக்கறேன்."

"லியோட்டா, உள்ள வா. காபி போடறேன்."

"எனக்குக் காபி வேண்டாம்டி."

மூன்றரை மணிக்கு ரோல்ட் ஐடி வந்தான். மணிக்கட்டு வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. "என் மேல தப்பு எழுதிடுங்க மிஸஸ் நைகார்ட். எனக்கு ஒண்ணும் போகாது. ஊர்ல எல்லாரும் அதான் சரிங்கறாங்க."

"ஊரை விடு. உன்னால அதைப் பிடிச்சிருக்க முடியுமா?"

ரோல்ட் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடிகாரம் மூன்று நாற்பதைக் காட்டியது.

"முடியாது," என்றான் கடைசியில். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

நாலு மணி அடித்தது. அவள் ஸ்கோர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

மறுநாள் செவ்வாய். ஆர்டித் அடித்தளத்துக்கு இறங்கியபோது லியோட்டாவின் நாற்காலி சட்டத்தின் எதிர்மூலையில் இருந்தது. அந்த இடத்தில் அவள் கைக்கு வாகே கிடையாது, வலக்கைக்காரியோடு இடித்துக்கொண்டே தைத்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. மற்ற ஐந்து பேரும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள், பிறகு அதையும் நிறுத்தினார்கள். 

ஆள் பார்ப்பவர் வரவில்லை. ஆகஸ்டில் கர்ட்டிஸ் குவாரியில் வேலை அதிகம் என்று சொல்லி ஆட்டங்களுக்கே வராமல் நின்றான். பையன் மனசு உடைந்துவிட்டது என்று ஊர் பேசியது. மளிகைக்கடையில் ஆர்டித் நுழைந்தால் பேச்சு நின்றது. ஒரு நாள் இறைச்சி வெட்டுபவன் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, "எடை சரியா இருக்கா பாத்துக்கங்க. உங்களுக்கு எல்லாம் துல்லியமா இருக்கணுமே," என்றான். அவள் வாங்கிக்கொண்டு வந்தாள். காரில் உட்கார்ந்து சாவியைப் போடக் கொஞ்ச நேரம் ஆனது.

பதினேழாவது கட்டத்தை அவள் தனியாகத்தான் தைத்தாள். சிவப்பு ஓரம். ஹிட் என்ற இடத்தில் ஒன்று. அதைத் தைத்து முடித்துவிட்டு விளக்கை அணைக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் எழுதியது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சரியாக இருப்பது இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை விருந்து. காலை பத்து மணிக்கு ஆர்டித் அடித்தளத்துக்குப் போய் அலமாரியிலிருந்து போர்வையை எடுத்தாள். மேலே மாட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை விரித்துச் சுருக்கம் நீவ வேண்டும். நான்காவது வரிசைக்கு வந்ததும் கை நின்றது.

ஹிட் என்ற இடத்தில் சைபர் இருந்தது.

அதே நீல நூல். மேல் துணியை மட்டும் கோத்து, பின்னால் தெரியாமல் நுணுக்கமாகத் தைத்திருந்தார்கள். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நூல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வை ஆர்டித் இருபத்தைந்து வருஷமாக ஓரக்கண்ணால் பார்த்துவந்தவள்.

மேலே பெஞ்சுகளை இழுக்கும் சத்தம். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு, ஒரு மணிக்கு ஏலம். அவள் சின்னக் கத்தரியை எடுத்து முதல் இழையை வெட்டினாள். பிறகு இரண்டாவது. படியில் காலடி கேட்டது.

லியோட்டா கையில் ஒரு பை ஆப்பிள்களோடு நின்றாள். ஆர்டித்தின் கையில் இருந்த கத்தரியைப் பார்த்தாள்.

"நிறுத்து," என்றாள்.

ஆர்டித் நிறுத்தவில்லை. இன்னொரு இழையை வெட்டினாள்.

"நிறுத்துன்னு சொல்றேன்டி. நீ உன் புத்தகத்துல ஒண்ணுன்னே வெச்சுக்கோ. இது துணிதானே. ஒரு வீட்டுக் கட்டில்ல கிடக்கப் போற துணி."

"இங்க எது உண்மைன்னு பாக்கணும்னா கட்டிலைத்தான் பாக்கறாங்க. உனக்கும் அது தெரியும். அதான் வந்து மாத்தியிருக்க."

லியோட்டா ஆப்பிள் பையைக் கீழே வைத்தாள். வைத்தவள் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"அவன் குவாரி வேலைன்னு சொல்றது பொய். தோள் போயிடுச்சு. அந்த ஆட்டத்திலயே, எட்டாவது இன்னிங்ஸ்ல. பால் டம்ளரைக்கூட இடது கையாலதான் தூக்கறான். டாக்டர் இனிமே வீசவே கூடாதுன்னுட்டார். யாருக்கும் சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்." மூச்சு வாங்கினாள். "இனி அவனுக்கு ஆட்டம் கிடையாது ஆர்டித். அந்த ஒரு ஞாயித்துக்கிழமைதான். அதை முழுசா வெச்சுக்கட்டும்னு பாத்தேன்."

கத்தரி ஆர்டித்தின் விரலில் தொங்கியது. சைபரில் பாதி போய், பாதி நின்றது. மெர்ல் வந்து நின்றபோதும், ஊரே முகத்தைத் திருப்பியபோதும் இப்படி ஆனதில்லை. இப்போது மட்டும் அவளுக்கு உள்ளே ஏதோ சரிந்தது. அப்படியே மடித்து மேலே கொண்டுபோனால் என்ன, யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு நினைப்பு வந்து நின்றது. அது போகாமல் நின்றுகொண்டே இருந்தது.

"நீ மாத்தினது கர்ட்டிஸுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"இன்னிக்கு வரானா?"

"வரான்."

"அவன் நேரா இந்தக் கட்டத்துக்குத்தான் வருவான் லியோட்டா. வந்து சைபரைப் பாத்தா, யாரோ இரக்கப்பட்டுப் போட்டதுன்னு அவனுக்குத் தெரிஞ்சுடும். பந்து வீசினவன் அவன். அது என்ன பந்துன்னு நம்ம ரெண்டு பேரையும்விட அவனுக்குத்தான் தெரியும்."

ஆர்டித் பாதி நின்ற சைபரின் மேல் விரலை வைத்தாள்.

"அதை அடிச்சவரும் ஒருத்தர் இருக்கார். அவருக்கும் அது மறந்திருக்காது."

மேலே யாரோ லியோட்டாவின் பெயரைச் சொல்லி ஆப்பிள் எங்கே என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. ஆர்டித் மிச்ச இழைகளையும் வெட்டி உருவினாள். துணியில் ஊசித் துளைகள் மட்டும் ஒரு வட்டமாகத் தெரிந்தன. விரல் நகத்தால் அவற்றை நீவி மூடினாள். ஊசியில் நீல நூலைக் கோத்தாள். 

"இப்ப ஒண்ணு போடணும். நான் போடட்டுமா, நீ போடறியா?"

 லியோட்டா நாற்காலியை இழுத்து உட்கார்ந்து இடக்கையை நீட்டினாள். ஆர்டித் ஊசியைக் கொடுத்தாள். லியோட்டா தலையைத் தூக்காமல் தைத்தாள். எட்டுத் தையல், கீழே ஒரு முடிச்சு. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே," என்று சொல்லிவிட்டு ஆப்பிளை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

கர்ட்டிஸ் வந்தான். மாட்டியிருந்த போர்வைக்கு முன்னால் வலக்கையைக் கால்சட்டைப் பையில் வைத்தபடி நின்றான். குனிந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தான். நிமிர்ந்து ஆர்டித்தைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு தடவை தலையை ஆட்டினான். அது கோபமா வேறெதுவுமா என்று அவளுக்குப் புரியவில்லை. போர்வையைத் தானியக் கிடங்குக்காரர் எடுத்தார். ஏலத்தில் வழக்கமாக இருக்கும் கேலியும் கூச்சலும் அன்று இல்லை.

குளிர்காலத்தில் கர்ட்டிஸின் தோள் விஷயம் தானாகவே வெளியே வந்தது. ஊர் மெல்ல ஆர்டித்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியது. அவன் பால் வண்டி ஓட்டப் போனான். பிறகு சின்னப் பிள்ளைகளின் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தான். லியோட்டா மட்டும் பேசவில்லை. இரண்டு வருஷம் எதிர்மூலையிலேயே, பக்கத்தில் இருந்தவளை இடித்துக்கொண்டு தைத்தாள்.

எழுபத்தாறு ஜூனில் ஒரு ஆட்டம். ஹேவல் ஆள் அடித்த பந்தை எதிர்க்குழு ஆள் குனிந்து, கால் நடுவே விட்டுவிட்டான். ஆர்டித் தப்பு என்று எழுதினாள். கீழே கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் எழுந்தது.

"ஆர்டித் நைகார்ட், உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? அது ஹிட்டுடி."

லியோட்டா தொப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்து நின்றிருந்தாள். ஆர்டித் ஸ்கோர் அறை ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை நீட்டினாள்.

"தப்புதான். என் பாட்டன் பிடிச்சிருப்பான் அதை."

"உன் பாட்டனுக்கு ஒரு கால்தானே."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். லியோட்டா சிரிக்கவில்லை. உட்கார்ந்து, ஆட்டம் முடியும்வரை ஒவ்வொரு முடிவுக்கும் மேலே பார்த்துச் சண்டை போட்டாள். ஆர்டித் ஒன்றைக்கூட மாற்றவில்லை.